முழுங்கியாச்சா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், தெரபிஸ்ட் ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, அவர் தொண்டைமேல் விரல்களை வைத்துக் காத்திருந்தார்.

"முழுங்கிட்டீங்களா சார்?"

அப்பா தலையாட்டினார்.

"இல்ல, இன்னும் முழுங்கல."

தன் தொண்டையில் தண்ணீர் நிற்பது ஒருவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? தசை ஓரளவு வேலை செய்கிறது, உணர்ச்சிதான் குறைந்திருக்கிறது என்றார். இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதுதான் பயம்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் போனில் 'விழுங்குதல்' பற்றித் தேடிக்கொண்டே போனவன், எப்படியோ ஈயில் வந்து நின்றேன். வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பழ ஈ. அதன் தலைக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. விரிந்தால் திரவம் உள்ளே வரும், சுருங்கினால் உணவுக்குழாய்க்குப் போகும். நொடிக்குப் பல முறை. என்னைக் கேட்டிருந்தால் ஒரு டைமர் போதும் என்றிருப்பேன். திற, மூடு, திற, மூடு.

ஈ அப்படிச் செய்வதில்லை. பம்ப்பை ஒட்டிச் சில நரம்பு செல்கள் கிளை பரப்பியிருக்கின்றன. சுவர் இழுபடுவது அவற்றுக்குத் தெரியும். 'நிரம்பியாச்சு, தள்ளு' என்று மூளைக்குச் சொல்வது அவைதான். அந்த இழுப்பை உணரும் புரதங்களை மரபணுவிலேயே நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். பம்ப் இருக்கிறது, தசை இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மடக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

இன்னும் கீழே, குடலிலும் இதே கதைதான். அமெரிக்க உயிரியலாளர் வின்சென்ட் டெதியர் இறைச்சியில் உட்காரும் பெரிய ஈக்களை வைத்து ஆராய்ந்தவர். 1962-இல் ஈயைப் பற்றி ஒரு குறும்பான சின்னப் புத்தகமே எழுதினார். முன்குடலிலிருந்து மூளைக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பை வெட்டிவிட்டால், ஈ சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். வயிறு பலூனாக உப்பும். உடம்புக்குச் சத்து சேர்ந்தது என்பதால் அது நிறுத்துவதில்லை. 'போதும்' என்று குடல் சொல்வது காதில் விழுவதால்தான் நிறுத்துகிறது.

ஆபீஸில் நாங்கள் எழுதும் பாதி நிரல்கள் அனுப்பியதோடு சரி. போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. அவசரம்.

வீட்டுக்கு வந்தபின் அப்பாவுக்கு ஊட்டுவது அம்மாதான். தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தபடி இடது கை விரல்கள் அவர் தொண்டைமேல், வலது கையில் குழைத்த சோறு. ஒரு வாய். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். விரலடியில் அந்த மேடு ஏறி இறங்கியதும் "ம், ஆச்சு" என்பாள். அப்பா அடுத்த வாய்க்கு வாயைத் திறப்பார்.

நேற்று அம்மாவுக்குக் காய்ச்சல். "நீ வை" என்றாள். முதல் வாய்க்கு எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.