நோக்கம் மாறினால் பொறுப்பு யாருடையது?

தரவு ஆளுகை குறித்த ஆவணங்களில் வினைச்சொற்கள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வருகின்றன: பாதுகாக்கப்படும், கண்காணிக்கப்படும், உறுதிசெய்யப்படும். யாரால் என்பது எழுதப்படுவதில்லை. மொழியியல் படித்தவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த வெற்றிடம்தான்.

முனைவர் பட்ட ஆய்வில் சேருமுன் குரல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் ஓராண்டு பணியாற்றினேன். பேச்சை எழுத்தாக்கும் செயலிக்கு என்று சொல்லி, குருக் மொழி பேசுவோரின் குரல்களை அங்கே பதிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு கோப்புடனும் பேசியவரின் அடையாள எண், வயது, ஊர் ஆகியன இருந்தன. ஒருவரது குரலே மிகுதியாக இடம்பெற்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்கான குறிப்புகள் அவை. ஆறு மாதத்தில் வாடிக்கையாளரின் தேவை மாறியது. குரலைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கருவி வேண்டுமாம். கோப்புகளில் எதுவும் மாறவில்லை. அதுவரை ஓரத்தில் கிடந்த அடையாள எண்ணே முதன்மைச் சரக்காயிற்று.

பேசியவர்களிடம் மறுபடி ஒப்புதல் கேட்கப்போவது யார் என்று கூட்டத்தில் வினவினேன். திட்ட மேலாளர் சட்டப் பிரிவைக் கைகாட்டினார். சட்டப் பிரிவோ பழைய படிவத்தில் “தொடர்புடைய பயன்பாடுகள்” என்றொரு தொடர் இருப்பதைச் சுட்டியது (எதனோடு தொடர்புடைய என்று எந்த இலக்கணமும் சொல்லாது). தரவுப் பிரிவினர், தாங்கள் சேமித்து வைப்பவர்கள் மட்டுமே என்றனர். எவரும் பொய் சொல்லவில்லை.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. தரவை எதற்காக, எவ்வாறு கையாள்வது என்று தீர்மானிப்பவரே பொறுப்பாளர். வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு அவரை விட்டு நீங்காது. ஒப்புதலும் சொல்லப்பட்ட நோக்கத்தின் எல்லைக்குள்தான் செல்லும். ஆனால் அந்தப் பொறுப்பாளர் பெரும்பாலும் ஒரு நிறுவனம். நிறுவனத்திற்குள்ளே யார் என்பது அவரவர் ஏற்பாடு. புதிய தேவைக்கு ஒப்பமிடுபவரே பேசியவர்களிடம் திரும்பிச் செல்ல வேண்டும், அதற்கான செலவும் அந்தத் திட்டத்தின் கணக்கிலேயே ஏற வேண்டும் என்பது என் கருத்து. சேமிப்பகத்தைக் காப்பவருக்கு நோக்கத்தை மறுக்கும் அதிகாரம் ஏது?

இன்னொன்று. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைச் சட்டம் அளிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேரின் தாய்மொழியான குருக் அப்பட்டியலில் இல்லை. தம் மொழிக்காகவே குரல் பெறப்பட்டவரிடம் வேறொரு மொழியில் சம்மதம் கேட்போம்.

ஆய்வுக்கு விலக்கு உண்டே என்று பல்கலைக்கழகத்தார் நிம்மதி கொள்ளலாம். உண்டு, நிபந்தனைகளோடு. ஆய்வுக்குத் திரட்டிய தரவகத்தை நாளை ஒரு நிறுவனத்துக்கு உரிமம் வழங்கினால் அந்த விலக்கும் உடன் வருமா?

என் களப்பணிப் படிவத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நோக்கம் மாறினால் உங்களிடம் திரும்பி வரப்போகிறவர் பெயர். தற்போது அதில் என் பெயர் இருக்கிறது. நான் பட்டம் பெற்றுச் சென்றபின் யார் பெயர் என்று நெறியாளர் கேட்டார். துறைக்கு எழுதியிருக்கிறோம்; பதில் இன்னும் வரவில்லை.