அருவித் தண்ணியை மீன் தொட்டியில ஊத்தலாமா?

சாரல் வந்தாச்சு. கூடவே கேள்வியும் வந்தாச்சு. "டாக்டர், குற்றாலத்துல கேன்ல தண்ணி பிடிச்சு வந்திருக்கோம். மீன் தொட்டியில ஊத்தலாமா?"

நானும் மீன் வளர்க்கிற ஆளுதான். பதில்: வேண்டாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க 👇

1. மழைத் தண்ணி கெட்டிப் பாறை மேல வேகமா ஓடி அருவியா விழுது. கால்சியம், மெக்னீசியம் கரைய நேரமே இல்ல. அதனால அது மென்நீர். போர் தண்ணி நிலத்துக்குள்ள வருஷக்கணக்குல கிடந்து உப்பைச் சேர்த்துக்கிட்டு வருது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்துல வெள்ளையா படியும். இதுதான் கடினத்தன்மை.

2. நன்னீர் மீனோட உடம்புக்குள்ள செவுள் வழியா எப்பவும் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீரா வெளியேத்தும். போர் தண்ணிக்குப் பழகின மீனைத் திடீர்னு மென்நீர்ல விட்டா அந்தக் கணக்கு தப்பிடும்.

3. அடுத்து பிஹெச். நம்ம ரத்தம் 7.35 முதல் 7.45க்குள்ள நிக்குறதுக்கு முக்கியக் காரணம் பைகார்பனேட். தொட்டியிலயும் காவல்காரன் அதுதான். கடின நீர்ல அது பெரும்பாலும் நிறைய இருக்கும். 'பிஹெச் குறைக்கும்' மருந்தை ஊத்தினா இறங்கும், திரும்ப ஏறும். நிலையான 7.8ஐ மீன் தாங்கும். இந்த ஏத்த இறக்கத்தைத் தாங்காது.

4. பல நாளா சோடியம் குறைஞ்சு வர்ற நோயாளிக்கு ஒரே நாள்ல அதை நார்மல் ஆக்க மாட்டோம். அவசரப்பட்டா மூளை பாதிக்கும். நம்பரைப் பார்த்து வைத்தியம் பண்ணக்கூடாது, ஆளைப் பார்த்துப் பண்ணணும். மீனுக்கும் அதேதான்.

5. சரி, என்ன பண்ணலாம்?
✅ கப்பி, மொல்லி வாங்குங்க. கடின நீர் அதுகளுக்குப் பிடிக்கும்.
✅ நியான் டெட்ராதான் வேணுமா? ஆர்.ஓ. தண்ணியைக் கலங்க. கடினத்தன்மை 400 இருந்தா, பாதிக்குப் பாதி கலந்தா சுமாரா 200 ஆகும்.
✅ வாரம் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க.
❌ மென்நீர் மீன் தொட்டியில சிப்பி, பவளக்கல் போடாதீங்க. கரைஞ்சு கடினத்தன்மையை ஏத்தும்.

6. இன்னொண்ணு. நீங்க பிடிக்கிற இடத்துக்கு மேல எத்தனை பேர் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாங்களோ, யாருக்குத் தெரியும்?

7. கடைசியா ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியலைன்னு தொட்டி மீனைச் சிற்றாத்துல விடாதீங்க. அது தாமிரபரணிக்குப் போற ஆறு. வெளியூர் மீனும் அதோட நோயும் அங்க உள்ள மீனுக்கு எமன். கடையில திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா வளர்க்கிறவங்ககிட்ட கொடுங்க.

உங்க வீட்டு போர் தண்ணி கடினத்தன்மை எவ்வளவு? பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.