மஞ்சு மூடிய தீவு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மன்றத் தோழி, "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, சிலம்பும் குறளும் மட்டும் வேண்டா. அவற்றுக்கு ஏற்கெனவே பலர் பெயர் கொடுத்துவிட்டார்கள்" என்றாள். ஆகவே கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டா. சுடுவதும் வெட்டுவதுமான ஆட்டம் அன்று இது. ஆடுகிறவரின் கண்ணே விளையாட்டின் கண்ணாக, அறியாத ஓரிடத்தில் நடந்து, பார்த்து, கேட்டு, புதிர்களை அவிழ்த்து வழி காணும் ஆட்டம். இதைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரணம் பிறகு தெரியும்.

என் ஊர் சக்குபள்ளம். குமுளியில் இறங்கி, மூணாற்றுச் சாலையில் அணக்கரை போகும் பேருந்தில் ஏறினால் வந்துவிடும். இடுக்கி மாவட்டத்தின் ஏல மலைகளில் ஒரு மூலை. அருகே செல்லார்கோவில் மேட்டில் நின்று கீழே பார்த்தால் தமிழ்நாடு தெரியும். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் கோலமிட்டாற் போல் விரிந்து கிடக்கும். என் தாய் அந்தக் கோலத்திலிருந்து மேலேறி வந்தவள். ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். இந்த ஒரு வரியை இவ்வளவு எளிதாக எழுதிவிட்டேனே என்று எனக்கே வியப்பு. விடுதியில் சேர்ந்த முதல் ஆண்டில், அம்மா என்ன செய்கிறாள் என்று யாரேனும் கேட்டால், "தோட்டத்தில்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். தோட்டமே எங்களுடையது என்று எண்ணிக் கொள்கிறவர் எண்ணிக் கொள்ளட்டும் என்பது என் கணக்கு.

ஏலச்செடியைப் பாராதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். செடி ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். காயோ வேரடியில், தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கும். ஆகவே நாள் முழுவதும் குனிந்தே எடுக்க வேண்டும். முற்றியதை எடுத்து, இளசை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். மேலே நிழல் மரங்கள். கீழே சேறும் அட்டையும். மழைக் காலத்துப் பிற்பகலில் மஞ்சு இறங்கிவிட்டால் இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மூடுபனியை எங்கள் பக்கத்தில் மஞ்சு என்றுதான் சொல்வோம். அது மலையாளம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்; நம் பழந்தமிழிலும் மேகத்துக்கு அதே பெயர் என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளி விட்டதும் நேரே தோட்டத்துக்குப் போய், அம்மாவோடு லயத்துக்குத் திரும்புவது வழக்கம். ஒரு நாள் பாதி வழியில் மஞ்சு இறங்கிவிட்டது. "தாயீ" என்று அம்மா கூப்பிடும் குரல் கேட்டது, ஓடினேன். குரல் வேறு பக்கம் கேட்டது; அங்கே ஓடினேன். சரிவில் மோதித் திரும்பிய எதிரொலியை நோக்கியே ஓடியிருக்கிறேன் என்று அப்போது எப்படித் தெரியும்? கடைசியில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். உட்கார்ந்ததுதான் நல்லதாயிற்று. அம்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக் கொண்டு நின்றாளாம். என் அழுகை வந்த திக்கில் மெல்ல வந்து கையைப் பிடித்தாள். ஓரடி கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நீ ஓடுனா ஒன் சத்தம் எங்குட்டு இருந்து வருதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வழி தப்புனா நில்லு. நின்னு கேளு."

இனி விளையாட்டுக்கு வருகிறேன்.

என் அறைத்தோழி பொறியியல் படிப்பவள். அவளிடம் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. ஒருநாள் இரவு அதில் 'மிஸ்ட்' என்ற ஆட்டத்தைத் திறந்து காட்டினாள். பெயரைக் கேட்டதும் நம் மஞ்சுதான் என்று மகிழ்ந்து போனேன். அவள் சிரித்தாள்; ஜூல் வெர்னின் 'மர்மத் தீவு' என்னும் நாவலின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்த சொல்லாம் அது. அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1993இல் வெளியிட்டது. ஹைப்பர்கார்டு என்னும் எளிய மென்பொருளைக் கொண்டு, ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஓர் உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். அறுபது இலட்சத்துக்கும் மேல் விற்றது. 2002இல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை, கணிப்பொறி ஆட்டங்களில் மிகுதியாக விற்றது இதுவே.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. அதைத் தொட்டால் ஒரு தீவில் நிற்கிறீர்கள். ஆள் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வாரும் இல்லை. பகைவன் இல்லை, சாவு இல்லை, கடிகாரம் விரட்டுவது இல்லை. அலை ஓசையும் காற்றும் மட்டும். ஒரு நூலகம், அதில் சில புத்தகங்கள்; தீவில் வேறு இடங்களில் மறைந்திருக்கும் புத்தகங்கள் வேறு வேறு உலகங்களுக்கு வாயில்கள். ஒவ்வொரு வாயிலையும் ஒரு புதிர் காக்கிறது. முதல் நாள் இரவு இரண்டு மணி வரை அந்தத் தீவில் சுற்றிக் கொண்டிருந்தேன். கண்ணாடித் திரைக்கு இப்பால் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. குளிர்ந்தாற் போலக்கூட இருந்தது. விடுதியின் மின்விசிறிதான் காரணம் என்று தோழி சொன்னாள், நான் ஒப்பவில்லை.

இவ்வகை ஆட்டங்களுக்கு ஒரு மூதாதை உண்டு. வில் கிரவுதர் என்பவர் கணிப்பொறி வல்லுநர். குகைகளில் இறங்கி வரைபடம் எழுதுவதும் அவருடைய ஈடுபாடு. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொடரில் ஒரு பகுதியை நன்கு அறிந்தவர். மணவிலக்குக்குப் பின், தம் இரு மகள்களும் விளையாடுவதற்கென்று 1975-76 அளவில் அந்தக் குகையைச் சொற்களாலேயே கணிப்பொறிக்குள் அமைத்தார். படம் ஒன்றும் கிடையாது. இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று பொறி சொல்லும்; வடக்கே போ, விளக்கை எடு என்று நாம் எழுத வேண்டும். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்தெழுதினார். அதில் ஒன்றுபோல் தோன்றும் அறைகளால் ஆன ஒரு புதிர்வழி உண்டு. கையிலுள்ள பொருள்களை அறைக்கொன்றாகப் போட்டு வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஏலக்காட்டில் நாங்கள் துணிக் கிழிசலைக் கட்டி வைப்பது போல. தன்னைப் பிரிந்திருக்கும் பெண்களுக்குத் தான் நடந்த குகையைக் கொடுத்த அந்தத் தகப்பனை எனக்கு மிகவும் பிடிக்கிறது. இதைப் படித்த அன்று காரணமில்லாமல் வீட்டு நினைவு வந்தது.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக் கொள்ள வேண்டும். மிஸ்ட் தீவின் உலகங்களில் ஒன்று பொறிகளால் ஆனது. அதில் சுழலும் கோட்டை ஒன்று. அதைத் திருப்பிப் பழகுவதற்கென்றே ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். எனக்கோ பொறுமை இல்லை. மறுநாள் தேர்வு வேறு. தோழி எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்த விடைத்தாளைப் பார்த்து, பொத்தான்களை அதன்படி அழுத்திவிட்டு நகர்ந்தேன். அடுத்த உலகத்தின் முடிவில் ஒரு சுரங்கம் வந்தது. வண்டியில் ஏறிக் கிளை கிளையாய்ப் பிரியும் இருட்டு வழிகளில் போக வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் ஏதோ ஓர் ஒலி கேட்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சுவர். அங்கிருந்து வெளியேறும் புத்தகமோ சுரங்கத்துக்கு அப்பால். ஒரு வாரம் சுற்றினேன். மீண்டும் விடைத்தாளைக் கேட்க நாணமாயிருந்தது.

ஓண விடுமுறை வந்தது. தோழி மடிக்கணினியைக் கொடுத்தனுப்பினாள். வீட்டில் முதலிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன். இம்முறை விடைத்தாள் இல்லை. ஆவணி மாதம், காய் எடுப்பு மும்முரம். அம்மா இருட்டும் நேரத்தில் வந்து, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவி, உலை வைத்துவிட்டு, முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்க உட்காருவாள். நான் பக்கத்தில் கணிப்பொறியோடு. திரையை அவள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. "கண்ணு கெட்டுப் போகும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள்.

கோட்டைப் புதிரை இரண்டு மாலைகளில் நானே அவிழ்த்தேன். சுரங்கத்துக்கு வந்தேன். பழையபடியே முட்டுச் சுவர். கணிப்பொறியை மூடப் போனேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"வழி தெரியலம்மா."

"அதான் சொல்லுதே."

"என்ன சொல்லுது?"

"அந்த டிங்குனு சத்தம். முந்தாநேத்துக் கோட்டையைச் சுத்திச் சுத்தி வெளாண்டயே, அப்பவும் கேட்டுச்சு. அது கேக்கும்போதெல்லாம் வடக்கு வடக்குன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுன."

நோட்டைப் புரட்டினேன். திசையை எழுதியிருந்தேன்; ஒலியை எழுதவில்லை. அந்தச் சிறு கருவி நாற்றிசைக்கும் நான்கு ஒலிகளைக் கற்பித்திருக்கிறது. அந்தப் பாடத்தைத்தான் நான் முதல் முறை விடைத்தாளால் தாண்டினேன். இரண்டாம் முறை காதில் வாங்காமல் விட்டேன். வடக்கே திருப்பினேன். வண்டி போயிற்று. அடுத்த ஒலி கேட்டது. அம்மா கல் பொறுக்கிக் கொண்டே, "இது வேற" என்றாள். அதற்கும் நோட்டில் இடம் கண்டுபிடித்தோம். இப்படியே சந்தி சந்தியாய்ப் போனோம். பாதி வழியில் எனக்குப் புரியாத ஒலி ஒன்று வந்தது. அம்மா சற்றே கையை நிறுத்தினாள். "ரெண்டு பேரு ஒண்ணாப் பேசுறாக" என்றாள். ஆம், இரண்டு திசைகளின் ஒலி கலந்து வந்தது, இடைத்திசை! எது எதுவென்று இங்கே எழுத மாட்டேன். ஆட நினைப்பவர்கள் நின்று கேட்டுக் கொள்க.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அம்மா அப்போதுதான் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தீவைச் சுற்றிக் காட்டினேன். நூலகம், கப்பல், கடிகாரக் கோபுரம். எல்லாம் பார்த்துவிட்டு, "ஆளே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. புத்தகத்துல எழுதினா உலகம் உண்டாயிரும், அதான் கதை."

"எழுதுனா ஆயிருமா? இம்புட்டுப் படியும் யாரு வெட்டுனா?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. அன்றைய கணிப்பொறியில் மனிதரை இயல்பாக நடமாட விடுவது அரிது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது அது அன்று. உண்மையில் இவ்வகை ஆட்டங்கள் பலவற்றின் குறை இது. நடந்து பார்ப்பவனுக்காகவே ஒரு நிலம் வெறுமையாய்க் காத்திருக்கும். எங்கள் மலைக்குச் சுற்றுலா வருவோர் எடுக்கும் படங்களும் அப்படித்தான்; பச்சை இருக்கும், மஞ்சு இருக்கும், குனிந்த முதுகு ஒன்றும் இராது. ஆனால் ஆள் உள்ள ஆட்டமும் உண்டு. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற நிறுவனம் 2023இல் 'வெண்பா' என்றொன்றை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை; தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதே அதில் புதிர். 2024இல் பாஃப்டா பரிசும் பெற்றது. நடந்து திரியும் ஆட்டம் அன்று அது. ஆயினும் அடுத்த விடுமுறைக்கு அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு போக எண்ணியிருக்கிறேன். அம்மா எத்தனை குறை சொல்வாளோ.

விடுமுறை முடிவதற்கு முன்நாள் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு போனதில்லை. மூன்று மணிக்கு மஞ்சு இறங்கியது. நான் நின்றேன். கண்ணை மூடிக் கொண்டு கேட்டேன். ஓடை வலப்புறம், ஸ்டோரில் ஏதோ தகரம் தட்டும் ஓசை பின்னால், ஆகவே லயம் இடப்புறம் என்று கணக்கிட்டு நடந்தேன். இருபது அடி போவதற்குள் அம்மா பின்னாலிருந்து, "அங்குட்டு எங்க போற? அது கம்பத்துக்குப் போற பக்கம்" என்றாள்.

விடுதிக்குத் திரும்பி மடிக்கணினியைக் கொடுத்ததும் தோழி கேட்ட முதல் கேள்வி, சுரங்கத்தை எப்படிக் கடந்தாய் என்பது.

"அம்மா சொன்னாள்."

"உன் அம்மாவுக்குக் கணிப்பொறி வருமா?"

"வராது. ஏலக்காய் எடுக்கிறாள்."

"உங்கள் தோட்டத்திலா?"

"இல்லை, கூலிக்கு" என்றேன். அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து கொண்டு, ஏலக்காய் மரத்தில் காய்க்குமா செடியில் காய்க்குமா என்று கேட்டாள். உணவு மணி அடிக்கும் வரை சொல்லிக் கொண்டிருந்தேன்.