தீயிலும் வேகாத கம்பி

பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்தது 1905 ஆகஸ்டு 5ஆம் நாள். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1902இல், சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் நம் தமிழ்த் தொழிலாளர் மிகுந்திருந்த கோலார் தங்கவயலை எட்டிவிட்டது. அன்று வியப்பாயிருந்த மின்சாரம் இன்று நம் சுவர்களுக்குள் மறைந்து ஓடுகிறது. நம்மவர் பலர் வாழும் அடுக்குமாடிக் கட்டடங்களில், கீழ்த்தளம் தொட்டு மொட்டைமாடி வரை செங்குத்தாக ஒரு பொந்து செல்லும். கற்றை கற்றையாக மின்கம்பிகள் அதன் வழியே ஏறுகின்றன. அதன் கதவைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

2010 பிப்ரவரி 23ஆம் நாள், பழைய விமான நிலையச் சாலையிலுள்ள கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பற்றியது இத்தகைய பொந்தில்தான். ஒன்பது உயிர்கள் மாண்டன. நெருப்பினும் புகையே கொடியதாயிற்று. மூச்சு முட்டிய சிலர் சன்னல் வழியே குதித்தனர்.

சாதாரணக் கம்பியின் மேலுறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். எரியும்போது அது கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயுவையும் கக்கும். ஈரம் பட்டால் அவ்வாயு அமிலமாகும். நம் கண்ணும் தொண்டையும் ஈரமானவை அல்லவா? உறை கருகியதும் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு மின்சாரமும் அற்றுப்போகும். வழிகாட்டும் விளக்கும், தண்ணீர் இறைக்கும் பம்பும் மிகவும் வேண்டப்படும் வேளையில் நின்றுவிடும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே கனிமக் காப்புக் கேபிள். இதில் பிளாஸ்டிக்குக்கு வேலையில்லை. செம்புக் குழாய்க்குள் செம்புக் கம்பிகளை நிறுத்தி, இடைவெளியில் மக்னீசியம் ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை, புட்டுக் குழலில் மாவை அடைப்பதுபோல் அடைக்கிறார்கள். பிறகு குழாயோடு இழுத்து இழுத்து மெலியச் செய்கிறார்கள். பொடி கல்லாய் இறுகிவிடுகிறது. செம்பு உருக 1,080 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேண்டும். அப்பொடி உருகவோ ஏறத்தாழ 2,800 டிகிரி வேண்டும். 950 டிகிரித் தீயில் மூன்று மணி நேரம் மின்சாரம் அறாமல் நிற்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரச் சோதனைகளுள் ஒன்று. இதில் தேறும் கம்பி இது. புகையும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் அர்னால்டு பிரான்சுவா போரெல் 1896இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் 1932இல் வாணிப உற்பத்தி தொடங்கியது. 'நார்மண்டி' என்னும் பெருங்கப்பலிலும், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலும் இது இடம்பெற்றது. 1937இல் பைரோட்டினாக்ஸ் நிறுவனம் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கியது.

நாம் குடியிருக்கும் கட்டடத்தில் கம்பிகளைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தபோது, இக்கேபிளைப் பற்றியும் பேச நேர்ந்தது. "உயிருக்கு விலை உண்டா ஐயா? எல்லா வீட்டுக்கும் இதையே போட்டுவிடலாமே" என்றார் ஓர் அன்பர். அவர் கவலை நியாயமானது. ஆயினும் இக்கம்பிக்கும் குறைகள் உண்டு.

முதலாவது, விலை, கூலியும் மிகுதி. இரண்டாவது, ஈரம். மழைக்காலத்தில் மூடாத உப்பு ஜாடி கசிவதுபோல், வெட்டிய முனை வழியே பொடி ஈரத்தை உறிஞ்சும், மின்காப்பு கெடும். ஒவ்வொரு முனையையும் சிறு பித்தளைக் கிண்ணம் பொருத்தி, மெழுகு போன்ற பசையிட்டு அடைக்க வேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும். மூன்றாவது, அதிர்வு. ஆடிக்கொண்டேயிருக்கும் இயந்திரத்தோடு நேரே பிணைத்தால், செம்பு இறுகி ஒடியக்கூடும். மின்னழுத்தம் திடீரெனத் தாவுவதையும் இதன் மெல்லிய காப்பு எளிதில் தாங்காது. மைக்கா நாடா சுற்றிய வேறுவகைத் தீத்தாங்கு கேபிள்களும் உண்டு; அவை வளைக்க எளியவை, முனைக்கும் இத்தனை பாடு இல்லை.

ஆகவே நாம் சொன்னது இதுதான்: சமையலறை மிக்சிக்கு இக்கம்பி வேண்டியதில்லை. எல்லாம் அணைந்த பின்னும் அணையக்கூடாதவை சில உண்டு. தீ எச்சரிக்கை மணி, படிக்கட்டின் அவசர விளக்கு, தீயணைப்புப் பம்பு, புகை வெளியேற்றும் விசிறி ஆகியவையே அவை. அவற்றுக்கு மட்டும் தீத்தாங்கு கேபிள் போடுவோம். முனை அடைக்கத் தெரிந்தவரையே அமர்த்துவோம். மிச்சப்படும் பணத்தில், பொந்தைத் தளத்துக்குத் தளம் தீத்தடுப்புப் பொருளால் அடைப்போம். புகை மேலேறும் வழி அதுவே.

அந்த அன்பர் சிறிது யோசித்து, "படிக்கட்டுக் கதவின் பூட்டை என்ன செய்வது?" என்று கேட்டார். அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்டவற்றுள் அதுவே சிறந்த கேள்வி. அதற்குக் காசு செலவில்லை. எத்தனை உயர்ந்த கம்பியில் விளக்கு எரிந்தாலும், பூட்டிய கதவுக்கு வெளிச்சம் காட்டி என்ன பயன்?

அன்பர்கள் தத்தம் கட்டடத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பொந்தை ஒருமுறை திறந்து பார்க்கச் செய்யுங்கள். பழைய செய்தித்தாளும் துடைப்பமும் அதனுள் இருந்தால், முதலில் அவற்றை வெளியேற்றுங்கள். கம்பியைப் பற்றிய பேச்சை அதன் பிறகு தொடங்கலாம்.