உருவி எறிந்த சீட்டுகள்

1989-இல் குருமடத்தில் எங்கள் பேராசிரியரான முதிய மேனாட்டுச் சுவாமியாரிடம் வண்ணத்துப்பூச்சிப் பெட்டியொன்று இருந்தது. அதில் பன்னிரண்டு, லின்னேயஸ் 1758-இல் ‘பப்பிலியோ மக்காவோன்’ எனப் பெயரிட்ட வால்நீண்ட மஞ்சள் பூச்சிகள். துப்புரவு செய்யப் பணிக்கப்பட்ட நான், ஊசிகளில் கோத்திருந்த அழுக்குக் காகிதத் துண்டுகள் அழகைக் கெடுக்கின்றனவே என்று உருவி எறிந்துவிட்டேன்!

சுவாமியார் கோபிக்கவில்லை, அப்படியே அமர்ந்துவிட்டார். பூச்சி பிடிபட்ட ஊரும் நாளும் குறித்த சீட்டுகளாம் அவை. (ஞானஸ்நானப் பதிவேட்டில் ஊர்ப்பெயர் விடுபட்டிருக்கக் கண்டால் இன்றும் அந்த முகமே நினைவுக்கு வருகிறது.)

இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்புநிலத்தில் வாழும் ‘பிரிட்டானிக்கஸ்’ துணையினத்துக்குச் சிறகின் கருநரம்புகளும் கரும்பட்டைகளும் அகன்றவை. அதன் புழுவுக்கு மில்க் பார்ஸ்லி என்னும் சதுப்புச் செடியே உணவு. பிரான்சு முதலிய நாடுகளின் ‘கோர்கானஸ்’ கருமை குறைந்தது. அதன் புழு காரட், பெருஞ்சீரகம் எனப் பலவற்றையும் உண்ணும். ஆனால் செத்த பூச்சி தான் உண்டதைச் சொல்லுமோ?

மூன்று மாலைகள் லென்சு கொண்டு நோக்கினோம். ஐந்து இங்கிலாந்துப் பக்கம், நான்கு பிரான்சுப் பக்கம். எஞ்சிய மூன்றும் எதிலும் சேரவில்லை.

“கருமை மிகுந்த கோர்கானஸும் உண்டு, பிரதர்” என்றார். அவற்றின் கீழ் ‘இடம் தெரியவில்லை’ என்று தம் கையாலேயே எழுதி ஒட்டினார். காரணத்தை எழுதவில்லை.