ஹாம்பர்க் போன ஐவர்

1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குக் கச்சேரி செய்யக் கிளம்பிய 'பீட்டில்ஸ்' பிள்ளைகள் ஐவரின் சிக்கனத்தைக் கேளுங்கள். ஒரே வேனில் 10 பேர். மூட்டை முடிச்செல்லாம் கூரைமேல்! ஜாகை, 'பாம்பி' சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், ஜன்னலில்லாத அறைகள். முகம் கழுவுவது கொட்டகைக் கழிப்பறையில். (பெற்ற தாய்மார் பார்த்திருந்தால்!) ஆளுக்குத் தினம் 30 மார்க் சம்பளம், இரவெல்லாம் வாசிக்க வேண்டும். வாசித்த தெருவின் பெயருக்கு 'மகா சுதந்திரம்' என்று அர்த்தம்.

வண்டி, ஜாகை, சம்பளம் எல்லாம் கணக்கில் வந்தன. வயது வரவில்லை. ஜார்ஜ் ஹாரிஸனுக்கு 17தான். 18 நிரம்பாதவர்கள் இரவு 10 மணிக்குமேல் அந்த விடுதிகளில் இருக்கக் கூடாதென்பது சட்டம். நவம்பரில் போலீஸார் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பெட்டியும் கிதாருமாக, தன்னந்தனியே ரயிலேறினார் ஜார்ஜ்.