திண்ணையில் ஒரு லேப்டாப்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "சார், வீட்டில் மூணு லேப்டாப். ஆளுக்கு ஒரு நெட் கனெக்‌ஷன் போடணுமா?" ஒன்றே போதும்ப்பா என்றேன். உடனே 2020 ஊரடங்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஹாலில் மகனுக்கு ஆபீஸ் வேலை, உள்ளறையில் மருமகளுக்கு. பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு. நான்காவதாகப் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது, நெட் இல்லை. (2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான்.) எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படி என்றேன்.

இரண்டே நாளில் மகன், "மீட்டிங்ல குரல் விட்டு விட்டு வருதுப்பா, அந்தப் பொண்ணு வந்ததிலிருந்துதான்" என்றான். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் வரவில்லை.

ராத்திரி மகனை உட்கார வைத்து விளக்கச் சொன்னேன். உலகத்தில் பழைய முறை இணைய முகவரிகள் சுமார் 430 கோடிதானாம், எல்லாக் கருவிக்கும் போதாது. அதனால் வெளியுலகுக்கு வீட்டுக்கே ஒரு முகவரி. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண்ணை ரௌட்டர் கொடுக்கிறது. யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கு வரும் தபாலை பியூன் வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுப்பதுபோல் கொடுக்கிறது.

வேகம்தான் பொதுச்சொத்து. ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? கண்டலேறிலிருந்து 152 கி.மீ. ஓடி ஜீரோ பாயிண்டுக்கு வருகிற கிருஷ்ணா நீர், வழியில் மோட்டார் போட்டு இழுத்தால் நமக்குக் குறையும். அப்படியானால் இங்கே மோட்டார் போட்டது யார்?

ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பார்த்தோம். என் போனை அணைத்ததும் குரல் தெளிவாகிவிட்டது! உறவுக்காரர்கள் அனுப்பிய கல்யாண வீடியோ, காலை வணக்கம் எல்லாவற்றையும் அது நாள் முழுக்க மேலே பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே ஏறும் பாதை நிறைந்தால் நம் குரல் எப்படிப் போகும்? மகன் சிரிக்கவில்லை. அவனே எழுந்து ரௌட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை, தனி பாஸ்வேர்டு போட்டான். கனெக்‌ஷன் நம் பேரில் இருப்பதால் வெளியாருக்கு அப்படிக் கொடுப்பதே நல்லது, நீங்களும் செய்யுங்கள்.

காலையில் அவள் வீட்டுக்குப் போய், தப்பு என் போன்மேல்தான் என்றேன். "பரவாயில்லை சார்" என்றாள், முகம் பார்க்காமல். பத்து மணிக்குத் திண்ணையில் லேப்டாப் திறந்திருந்தது. மகனே ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டான்.